சேர்த்துக்கொண்ட நகரத்தை விட்டு வெளியேற வாக்கு: 2004ல் மொன்றியலில் நடந்தது சரியா?

#1 மேற்குத்தீவான்

போன கிழமை ஸ்காபரோவிலிருந்து மச்சான் குடும்பம் வந்து நின்றது. சனிக்கிழமை டொலார்ட்-டெ-ஸோர்மோவில் இருக்கும் திருமுருகன் கோவிலுக்குக் கூட்டிப் போனேன். வழியில் நகரத்தின் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு, "இது மொன்றியல் இல்லையோ?" என்றான். இல்லை, டொலார்ட் தனி நகரம், தனி மேயர், தனிச் சபை என்றேன். "எங்கட ஸ்காபரோவும் தனி நகரமாத்தான் இருந்தது. 98ல் ரொறன்ரோவோடு சேர்த்துப்போட்டாங்கள். நீங்கள் எப்படித் தப்பினீங்கள்?" தப்பவில்லை, எங்களையும் விழுங்கினார்கள், பிறகு வாக்குப் போட்டு வெளியே வந்தோம் என்றேன். அவன் நம்பவேயில்லை. அர்ச்சனைச் சீட்டு வரிசையில் நின்றபடியே முழுக்கதையையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

இங்கே புதிதாக வந்த பலருக்கும் இது தெரியாது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டை பிடிப்போம்.

2001 முடியும்வரை மொன்றியல் தீவில் 28 நகரசபைகள் இருந்தன. "ஒரு தீவு, ஒரு நகரம்" என்பது அன்றைய மொன்றியல் மேயர் பியர் பூர்க்கின் கோஷம். அப்போது கியூபெக் மாகாணத்தை ஆண்ட பார்ட்டி கெபெக்குவா கட்சி அதைக் கையில் எடுத்தது. நகராட்சி அமைச்சர் லூயிஸ் அரேல் கொண்டுவந்த 170ஆம் இலக்க மசோதாவை, 2000 டிசம்பரில் விவாதத்தை இடையில் நிறுத்தி நிறைவேற்றினார்கள். 2002 ஜனவரி 1 முதல் 28ம் ஒன்று. மாகாண அரசு குடியிருப்பாளரிடம் வாக்குக் கேட்கவில்லை. வழக்குப் போட்டவர்கள் தோற்றார்கள். 2003 தேர்தலில் லிபரல் தலைவர் ஜான் ஷாரே, நாங்கள் ஆட்சிக்கு வந்தால் பிரிந்து போவதா என்று அந்தந்த ஊரையே கேட்போம் என்றார். வென்றார், சட்டமும் வந்தது. 2004 ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு. தீவில் பழைய நகரங்கள் 22 வாக்களித்தன, 15 வெளியே வந்தன. 2006 ஜனவரி 1ல் அவை மறுபடி நகரங்களாயின.

அந்த நேரம் நான் சென்-லோரானில் ஒரு பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தேன். குடியுரிமை இல்லை, வாக்கும் இல்லை. இப்போது டொலார்டில் வீடு. என் எண்ணம் இதுதான்: வாக்குக் கொடுத்தது சரி, ஆனால் எந்தத் தலையை எண்ணுவது, எந்தத் தலையை விடுவது என்று எழுதிய இடத்திலேயே பாதி முடிவு வந்துவிட்டது. உங்கள் கருத்து?

#2 லாசால்_அண்ணை

தம்பி, நல்ல இழை. நான் 1989ல் வந்தவன், 2004ல் வாக்கு இருந்தது, லாசாலில் (அதுவும் அந்த 28ல் ஒன்று) வீடும் இருந்தது. ஒன்றை விட்டுவிட்டீர். ஜூன் வாக்கெடுப்புக்கு முதல், மே மாதத்தில் பதிவேடு திறந்தார்கள். வாக்காளர் பட்டியலில் இருப்பவர்களில் 10 சதவீதம் பேர் நேரில் போய்க் கையெழுத்து வைத்தால்தான் வாக்கெடுப்பே நடக்கும்.

நான் வேலை முடிந்து, பாதுகாப்புச் சப்பாத்தோடேயே போனேன். எனக்கு முன்னால் ஓர் இத்தாலியக் கிழவர். அடையாள அட்டையை மேசையில் வைத்துவிட்டு, "நான் வீடு வாங்கினது லாசாலில், மொன்றியலில் இல்லை" என்று அந்தப் பெண்ணிடம் பிரெஞ்சில் சொன்னார். அவள் என்ன செய்வாள் பாவம், "இங்கே கையெழுத்து வையுங்கள் ஐயா" என்றாள். அவர் இரண்டாம் தடவையும் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தார்.

லாசாலில் வாக்குப் போட்டவர்களில் பெரும்பான்மை 'ஆம்'தான். ஆனாலும் இன்றும் நாங்கள் மொன்றியல்தான். ஏன் என்று யாராவது படித்தவர்கள் சொல்லுங்கள், நான் சொன்னால் கெட்ட வார்த்தை வந்துவிடும்.

#3 சட்டக்கிறுக்கன்

அண்ணை, நான் சொல்கிறேன்.

ஷாரே அரசு 2003 டிசம்பரில் நிறைவேற்றிய 9ஆம் இலக்கச் சட்டத்தில் இரண்டு படி இருந்தது. வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல் 'ஆம்' சொல்ல வேண்டும். அதோடு, அந்த 'ஆம்' வாக்குகள் பட்டியலில் உள்ள *மொத்த* வாக்காளர்களில் 35 சதவீதமாவது இருக்க வேண்டும். அதாவது வீட்டில் இருந்து டிவி பார்த்தவரும் 'இல்லை' என்று எண்ணப்படுகிறார்.

சென்-லோரானில் வாக்களித்தவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசி 'ஆம்'. ஆனாலும் 35ஐத் தொடவில்லை. லாசால், பியர்ஃபோன் கதையும் இதேதான், பெரும்பான்மை கிடைத்தும் வாசலில் நின்றுவிட்டார்கள்.

35 என்றால் சின்ன எண் போலத் தோன்றும். 2021 மொன்றியல் தேர்தலில் வாக்களிக்க வந்ததே 38 சதவீதம்தான். அதில் பாதியைச் சற்றுத் தாண்டி வாங்கியவர் மேயர். கணக்குப் போட்டால் மொத்தப் பட்டியலில் 20 சதவீதம். மேயராவதற்கு 20 போதும், வெளியே போவதற்கு 35 வேண்டும்.

#4 பார்க்எக்ஸ்_பையன்

எல்லாரும் ஒரே பக்கம் அழுகிறீர்கள். நான் மற்றப் பக்கம் சொல்கிறேன்.

நான் வளர்ந்தது மொன்றியல் நகரத்துக்குள்ளேயே, பார்க் எக்ஸ்டென்ஷனில். லக்காடி வீதியின் ஓரம் நீளத்துக்கு ஒரு கம்பி வேலி, அதை மூடி வளர்ந்த செடி. வேலிக்கு அந்தப் பக்கம் மவுண்ட் ரோயல் நகரம்: பெரிய வீடு, பெரிய மரம், சத்தமே இல்லாத தெரு. இந்தப் பக்கம் நாங்கள், கிரேக்கர், பஞ்சாபியர், வங்காளியர், ஒரு வீட்டில் மூன்று குடும்பம். வேலி 1960ல் வந்தது. ஹாலோவீன் இரவில் அதன் சின்ன வாசல்களைப் பூட்டிய காலமும் உண்டு, மிட்டாய் கேட்டு இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் போகாமல் இருக்க.

2002ல் சட்டப்படி வேலியின் இரண்டு பக்கமும் ஒரே நகரம் ஆனது. வேலி அப்படியே நின்றது. 2004ல் அந்தப் பக்கத்தார் போய் வாக்குப் போட்டார்கள், 2006ல் மறுபடி தனி நகரம். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. அவர்கள் போனால் பாதிக்கப்படுவது யார்? நாங்கள்தானே. வெளியே போகிறவர் மட்டும் வாக்களிக்கும் வாக்கெடுப்பில் உள்ளே இருப்பவருக்கு என்ன மரியாதை?

#5 மேற்குத்தீவான்

#4, நியாயமான கேள்வி. எனக்கு உடனே பதில் இல்லை, உண்மையாக. வேலையால் வந்து எழுதுகிறேன்.

#6 கென்னடிரோட்டார்

நான்தான் அந்த "ஸ்காபரோ மச்சான்" வகையறா. (அவர் இல்லை, வேறு ஆள்.)

நீங்கள் 35ஆ 50ஆ என்று அடிபடுகிறீர்கள், எங்களுக்கு அதுகூட இல்லை. 1997 மார்ச்சில் ரொறன்ரோ, ஸ்காபரோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ, யோர்க், ஈஸ்ட் யோர்க் என்று ஆறு நகரசபைகளும் தாங்களாகவே மக்களிடம் கேட்டன. வாக்களித்தவர்களில் 76 சதவீதம் வேண்டாம் என்றார்கள். ஒன்ராறியோ மாகாணத்தின் மைக் ஹாரிஸ் அரசு காதிலேயே போடவில்லை. 103ஆம் இலக்கச் சட்டம், 1998 ஜனவரி 1, முடிந்தது.

ஆனால் அதில் ஒரு கூத்து நடந்தது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். மசோதாவை இழுத்தடிக்க எதிர்க்கட்சியினர் ஆயிரக்கணக்கான திருத்தங்கள் கொடுத்தார்கள். ஒவ்வொரு தெருவின் பெயரையும் போட்டு, "இந்தத் தெருவில் குடியிருப்பவர்களிடம் கருத்துக் கேட்க வேண்டும்" என்று ஒரு திருத்தம். சபையில் இரவு பகலாகத் தெருப்பெயர் வாசித்தார்கள், ஆளும் கட்சியினர் ஒவ்வொன்றுக்கும் "இல்லை, இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் ஒரு தெருவுக்கு, கஃபோன் கோர்ட் என்று எற்றோபிக்கோவில் ஒரு முட்டுச்சந்து, "இல்லை" சொல்ல மறந்துவிட்டார்கள். திருத்தம் நிறைவேறிவிட்டது! முழு ரொறன்ரோவிலும் கருத்துக் கேட்கப்பட வேண்டியவர்கள் அந்த ஒரு தெருக்காரர்கள் மட்டும். பிறகு சரிசெய்துவிட்டார்கள், அது வேறு.

நாங்கள் அந்தத் தெருவில் இல்லை. கென்னடி ரோட்டில் இருந்தோம்.

#7 வெண்பனி

#6 சிரித்துச் சிரித்து வயிறு நோகிறது.

நான் ஒரு சின்ன விஷயம் சொல்லவா, யாருமே கவனிக்காதது. வாக்கெடுப்பு ஜூன் 20. கியூபெக்கில் வாடகை ஒப்பந்தம் முடிவது ஜூன் 30, ஜூலை 1 ஊர் முழுக்க வீடு மாறும் நாள். நாங்கள் அந்த வருடம் சென்-லோரானிலிருந்து லவாலுக்கு மாறினோம். இவரிடம் குடியுரிமை இருந்தது, வாக்கு இருந்தது. ஆனால் வீடு முழுக்கப் பெட்டி. சட்டி பானையெல்லாம் பழைய பிரெஞ்சுப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தேன், அதில் ஒரு பக்கத்தில் வாக்கெடுப்பு விளம்பரம். "பத்து நாளில் போகப்போகிற ஊர், இருந்தால் என்ன பிரிந்தால் என்ன" என்று இவர் போகவில்லை. எங்கள் கட்டடத்தில் அப்படி எத்தனையோ பேர்.

இப்போது #3 சொல்வதைப் பார்த்தால், அந்த மனுசன் போகாததே 'இல்லை' வாக்குப் போலத்தானே? அன்றைக்கு இவருக்கே அது தெரியாது. இப்போது சொன்னேன், "நானா?" என்று முழிக்கிறார்.

#8 மேற்குத்தீவான்

வெண்பனி அக்கா சொன்னதுதான் நான் சொல்ல வந்தது, நீங்கள் என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள்.

சொந்த வீட்டுக்காரர் அதிகம் உள்ள ஊருக்கு 35ஐத் தாண்டுவது சுலபம். வாடகைக் கட்டடம் நிறைந்த ஊர் தடுக்கி விழுவது சுலபம். அடுக்குமாடியில் இருப்பவனுக்கு வீட்டு வரிச்சீட்டு நேரே வருவதில்லை, வாடகைக்குள் ஒளிந்து வருகிறது. அவனுக்கு நகரம் என்பது பஸ்ஸும் குப்பை வண்டியும்தான்.

இன்னொன்று, டோர்வாலுக்கு முன்னால் ஆற்றுக்குள் ஒரு குட்டித் தீவு இருக்கிறது, லீல்-டோர்வால். கோடைகால வீடுகள், படகில் போக வேண்டும். பனிக்காலத்தில் ஆளைக் காண்பது அரிது. அதுவும் 28ல் ஒன்று! அதுவும் வாக்கெடுப்பில் வென்று மறுபடி நகரமாகிவிட்டது. இங்கே சட்டப்படி, ஊரில் சொத்து இருந்தால் அங்கே குடியிருக்காவிட்டாலும் நகராட்சி வாக்கு உண்டு. குடியுரிமை மட்டும் வேண்டும். கோடையில் வந்து மீன் பிடித்துவிட்டுப் போகிறவருக்கு வாக்கு இருந்தது, ஐந்து வருடமாக சென்-லோரானில் பனி தள்ளிய எனக்கு இல்லை.

#9 பார்க்எக்ஸ்_பையன்

அப்ப நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள், வசதியானவர் வெளியே போக வசதியாகச் செய்த சட்டம் என்று.

#10 மேற்குத்தீவான்

இல்லை, அந்தக் கணக்கில் மொன்றியல்-எஸ்ட் எங்கே வரும்? தீவின் கிழக்கு மூலையில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவில் பிரெஞ்சுத் தொழிலாளிகள் வாழும் ஊர். அதுவும் போனதே.

#11 பார்க்எக்ஸ்_பையன்

ஆலை இருந்தால் ஆலை வரி இருக்கும். ஊரில் ஆள் கொஞ்சம், வரி கூட. நானும் போவேன்.

#12 கணக்குப்பிள்ளை

வசதியானவர் வரியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள் என்ற பேச்சு அடிக்கடி வருகிறது. நான் கணக்காளர், இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

வெளியேறிய 15 நகரங்களும் *முழுக்க* வெளியேறவில்லை. தீவு முழுவதற்கும் பொதுவான சபை ஒன்றைச் சட்டமே வைத்தது. அதன் பிரெஞ்சுப் பெயர் நாக்கில் புரளாது, தீவுச் சபை என்று வைத்துக்கொள்வோம். பொலிஸ், தீயணைப்பு, பஸ் - மெற்றோ, குடிநீர் சுத்திகரிப்பு, கழிவுநீர், சொத்து மதிப்பீடு, நகராட்சி நீதிமன்றம், சமூக வீடமைப்பு எல்லாம் அதன் கையில். அதில் வாக்கு பலம் மக்கள்தொகைப்படி. மொன்றியலுக்கு ஏறத்தாழ 87 சதவீதம், 15 நகரங்களுக்கும் சேர்த்து 13. பதினைந்து மேயரும் கையைத் தூக்கினாலும் கூரையைத்தான் தொடலாம்.

அந்த நகரங்கள் வசூலிக்கும் வரியில் பாதியளவு இந்தச் சபைக்குப் போகிறது. ஆகவே பார்க்எக்ஸ் தம்பி, மவுண்ட் ரோயல்காரர் உங்கள் பஸ்ஸுக்கும் பொலிசுக்கும் இன்றும் காசு கட்டுகிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டே கட்டுகிறார்கள்.

அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது என்ன? நூலகம், பூங்கா, நீச்சல் குளம், உள்ளூர் தெரு, பனி அள்ளுவது, குப்பை, கட்டட அனுமதி. இதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். மனிதன் தினமும் நகரசபையைச் சந்திப்பது இந்த இடங்களில்தான்.

#13 லாசால்_அண்ணை

அப்ப இது விவாகரத்து இல்லை. தனிக் குசினி வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் இருப்பது.

#14 கணக்குப்பிள்ளை

அண்ணை, அதேதான். கரண்ட் பில்லை மூத்தவர் முடிவு செய்வார், நீங்கள் பங்கு கட்ட வேண்டும். 2006ல் தனி நகரங்கள் தொடங்கினவுடன் பெரிய சண்டையே பில் பற்றித்தான். எது தீவுச் செலவு, எது மொன்றியலின் சொந்தச் செலவு என்று இரண்டு வருடத்துக்கு மேல் அடிபட்டு, 2008ல் மாகாண அரசு மறுபடி சட்டம் திருத்த வேண்டி வந்தது.

#15 அம்பத்தூர்_அரவை

சென்னையிலிருந்து ஒரு குரல், மன்னிக்கவும். இழையைப் படித்துவிட்டு பொறாமையாக இருக்கிறது.

2011ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. 42 உள்ளாட்சிகளைச் சேர்த்தார்கள், எங்கள் அம்பத்தூர் நகராட்சியும் ஒன்று. பிரிந்து போக ஓட்டா? சேர்க்கவே ஓட்டு இல்லை. அதுகூடப் பரவாயில்லை, 2016ல் கவுன்சிலர்கள் பதவிக்காலம் முடிந்தது, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில். நடுவில் தெரு விளக்கு எரியவில்லை என்று சொல்ல ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. நீங்கள் 35 சதவீதத்துக்குச் சண்டை போடுகிறீர்கள். போடுங்கள், போடுங்கள்.

#16 மூன்றாம்தலைமுறை

எல்லாரும் வரி வரி என்கிறீர்கள். உண்மை மொழி. போனவர்களில் பெரும்பாலும் ஆங்கிலக்காரர். பிரெஞ்சுக்காரரோடு ஒரே நகரத்தில் இருக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். நம்மவர்கள் டொலார்டுக்கும் பியர்ஃபோனுக்கும் ஓடுவதும் அதே

(நெறியாளரால் சுருக்கப்பட்டது)

#17 நெறியாளர்

மொழி பற்றிப் பேசலாம். ஒரு இனத்தை முழுக்க ஒரு வரியில் தூக்கிப்போடும் பேச்சு வேண்டாம். நம்மை அப்படித் தூக்கிப்போட்டபோது எப்படி இருந்தது என்று எல்லாருக்கும் தெரியும்.

#18 சட்டக்கிறுக்கன்

#16 சொன்னதில் ஒரு துளி உண்மை உண்டு, மீதி இல்லை. வெளியேறிய ஊர்களில் பல, சட்டப்படி இருமொழித் தகுதி உள்ளவை. பிரெஞ்சோடு ஆங்கிலத்திலும் குடியிருப்பாளருக்குக் கடிதம் அனுப்பலாம். பெரிய நகரத்துக்குள் கரைந்தால் அது தேய்ந்துபோகும் என்ற பயம் இருந்தது, வெஸ்ட்மவுண்டின் முன்னாள் மேயர் பீட்டர் ட்ரென்ட் முன்னின்று போராடியபோது பின்னால் நின்ற கூட்டத்தில் அந்தப் பயமும் இருந்தது. ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்கேயிலிலிருந்து வெளியேறிய பூஷெர்வில் பிரெஞ்சு ஊர். கியூபெக் நகரத்தை விட்டு வெளியேறிய லான்சியென்-லொரெட்டும் பிரெஞ்சு ஊர். அவர்களுக்கு என்ன ஆங்கிலம்?

#4க்கு இப்போது வருகிறேன். "உள்ளே இருப்பவரும் வாக்களிக்க வேண்டும்" என்றார். அப்படி ஒரு இடத்தில் நடந்தது. லொஸ் ஏஞ்சலஸ், 2002 நவம்பர். சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கு 1915ல் அந்த நகரத்தோடு சேர்ந்தது தண்ணீருக்காக. 1913ல் மலைக்கு அப்பாலிருந்து கால்வாய் வந்திருந்தது, நகரத்துக்குள் வந்தால்தான் தண்ணீர். 87 வருடம் கழித்து, போகிறோம் என்றார்கள். விதி: பள்ளத்தாக்கிலும் பெரும்பான்மை வேண்டும், முழு நகரத்திலும் பெரும்பான்மை வேண்டும். பள்ளத்தாக்கில் பாதியை மயிரிழையில் தாண்டினார்கள். முழு நகரத்தில் மூன்றில் இரண்டு பங்கு 'முடியாது'. கதை முடிந்தது. பிரிந்திருந்தாலும் பழைய நகரத்துக்கு வருடாவருடம் பணம் கட்டியிருக்க வேண்டும், அதைப் பத்திரிகைகளே ஜீவனாம்சம் என்றுதான் எழுதின.

பெண்டாட்டி போக வேண்டும் என்றால் புருசன் வீட்டார் முழுப்பேரும் சம்மதிக்க வேண்டும் என்பது போல இருக்கிறது அந்த விதி. மொன்றியலில் கேட்டது போகிறவரை மட்டும். எனக்கு மொன்றியல் விதியே மேல். ஆனால் போகிறவர் பழைய கடனைக் கட்டிவிட்டுப் போக வேண்டும், தீவுச் சபை செய்வது அதைத்தான்.

#19 பார்க்எக்ஸ்_பையன்

சட்டம், உங்கள் உவமை எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் கணக்குப்பிள்ளை சொன்ன பஸ் காசு எனக்குத் தெரியாது. அதை ஒத்துக்கொள்கிறேன். பள்ளியில் யாரும் சொல்லித் தரவில்லை. நாங்கள் அவர்கள் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு போனார்கள் என்றே நினைத்து வளர்ந்தோம்.

ஆனாலும் கேள்வி அப்படியே இருக்கிறது. நாளைக்கு பார்க் எக்ஸ்டென்ஷன் நாங்களும் தனி நகரம் ஆகிறோம் என்று கேட்டால் தருவார்களா? தர மாட்டார்கள். 2000க்கு முன் தனி நகரமாக இருந்தவருக்கு மட்டும்தான் அந்த வாசல். நாங்கள் 1910லேயே மொன்றியலோடு சேர்க்கப்பட்ட ஊர்ப்பக்கம். எத்தனை வருடத்துக்குள் சேர்த்தால் திரும்பிப் போகலாம், எத்தனை வருடம் கடந்தால் முடியாது?

#20 மேற்குத்தீவான்

இது நல்ல அடி. இதற்குச் சட்டத்தில் பதில் இல்லை, அரசியலில்தான் பதில். அந்த நகரங்களுக்கெல்லாம் பழைய மேயர், பழைய கட்டடம், பழைய கோபம் எல்லாம் சூடாக இருந்தது. இரண்டரை வருடத்துக்குள் கேட்டதால் பழைய நகரசபைக் கட்டடத்துக் கதவைத் திறந்து உள்ளே போக முடிந்தது. வின்னிபெக்கில் ஹெடிங்லி 20 வருடம் கழித்துப் போனது. 1972ல் சேர்த்தார்கள், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வாக்குப் போட்டு வெளியேறி கிராமப்புற நகராட்சி ஆகிவிட்டது. ஆகவே 20 வருடமும் முடியும். 90 வருடம்... தெரியவில்லை, பையா.

இன்னொன்றையும் யாரும் சொல்லவில்லை. வாக்கெடுப்பு வரப்போகிறது என்ற பயத்தில்தான், 2001 இறுதியில் மேயரான ஜெரால்ட் டிரம்ப்ளே, உள்ளூர்ப் பகுதிகளுக்குக் கூடுதல் அதிகாரம் வாங்கிக் கொடுத்தார். 2003 டிசம்பரில் அதற்கும் ஒரு சட்டம். பகுதிக்கு ஒரு மேயரைத் தேர்ந்தெடுப்பது 2005லிருந்து. பார்க் எக்ஸ்டென்ஷன் இருக்கும் பகுதிக்கும் ஒரு மேயர் உண்டு, தெரியும்தானே? அது வெஸ்ட்மவுண்ட்காரர் கதவைத் தட்டிய சத்தத்தில் உங்களுக்கு விழுந்த பங்கு.

#21 லாசால்_அண்ணை

அந்தப் பகுதி மேயரை வைத்து நாங்கள் சமாளிக்கிறோம். குறை சொல்ல மாட்டேன். நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் கேட்டு வருடக்கணக்காக மனுப் போட்டோம், ஊர் பெயரைக் கேட்காதீர்கள், இன்னும் "பரிசீலனையில்". அதற்குப் பிரிந்தாலும் சேர்ந்தாலும் ஒன்றுதான்.

#22 கென்னடிரோட்டார்

சட்டம் தம்பி, ஒன்று கேட்கவா? நாங்கள் இப்போது ஸ்காபரோவைப் பிரிக்கச் சொல்லி வாக்கெடுப்புக் கேட்டால்?

#23 சட்டக்கிறுக்கன்

கேட்கலாம் அண்ணா. தருவதும் தராததும் மாகாணத்தின் இஷ்டம். 1867 அரசியலமைப்புச் சட்டத்தின் 92(8) பிரிவு நகராட்சிகளை முழுக்க மாகாணத்தின் கையில் கொடுத்துவிட்டது. 2018ல் ரொறன்ரோ தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போதே வட்டாரங்களை 47லிருந்து 25 ஆகக் குறைத்தார்களே, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021ல் 5க்கு 4 என்று மாகாணம் வென்றது. மாகாணம் நினைத்தால் சேர்க்கும், பிரிக்கும், வெட்டும். ஷாரே வாக்குக் கொடுத்தார் என்றால் அது உரிமை என்பதால் இல்லை, தேர்தலில் சொன்னார் என்பதால். அப்புறம் அவரே 35 என்ற பூட்டையும் போட்டார், அதுவும் அவர் இஷ்டம்.

#24 வெண்பனி

இவர் பக்கத்தில் இருந்து வாசிக்கிறார். "அடுத்த முறை பெட்டி கட்டுவதை நிறுத்திவிட்டுப் போகிறேன்" என்கிறார். நாங்கள் லவாலில் இருக்கிறோம், 1965லேயே அந்தத் தீவு முழுக்க ஒரே நகரம் ஆகிவிட்டது. அடுத்த முறை என்று ஒன்று எங்களுக்கு இல்லை என்று சொன்னேன்.

#25 புதுவீட்டான்

இழையை முழுக்க வாசித்தேன், நிறையத் தெரிந்துகொண்டேன், நன்றி. ஆனால் என் கேள்வி வேறு. வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஒரு வீடு டொலார்டில், இன்னொன்று கொஞ்சம் தள்ளி பியர்ஃபோனில். விலை கிட்டத்தட்ட ஒன்று. ஒன்று தனி நகரம், மற்றது மொன்றியல். எதை வாங்கலாம்? கோவிலுக்கு இரண்டும் கிட்டத்தான்.

#26 கணக்குப்பிள்ளை

தம்பி, விற்பவர் இருவரிடமும் போன வருட நகராட்சி வரிச்சீட்டையும் பள்ளி வரிச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள். வீட்டின் மதிப்பீடு எவ்வளவு, மேலே வட்டார வரி ஏதும் இருக்கிறதா, தண்ணீருக்குத் தனியாக எடுக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு பனி கொட்டின மறுநாள் காலை ஏழு மணிக்கு இரண்டு தெருவிலும் காரை ஓட்டிப் பாருங்கள்.

#27 மேற்குத்தீவான்

பியர்ஃபோன் வீட்டுப் பேஸ்மென்டையும் நன்றாகப் பாருங்கள். ஆற்றுப் பக்கம் 2017லும் 2019லும் வெள்ளம் வந்தது. அதற்கு எந்த நகரம் என்ற கணக்கு இல்லை.

#28 புதுவீட்டான்

ஐயோ. சரி, ஞாயிறு போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.